ஐந்தாம் நம்பர் சொக்கா

நான் குடியிருக்கும் இந்த ஊரில் சட்டைக்குத் தூசு தட்டுகிறார்கள். துவைப்பதும் இல்லை, போட்டுக்கொள்வதும் இல்லை. வீட்டின் சொந்தக்காரர் மிஸ்டர் வில்லிஸ், ஓய்வுபெற்ற தச்சர், தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டுவார், முன்னறைக்குள் போய் மெத்தென்ற துணி ஒன்றால் சுவரிலிருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்க ஆரம்பிப்பார். பெட்டிக்கு ஒன்றாகப் பத்து கால்பந்துச் சட்டைகள். மெரூனும் மஞ்சளும் பட்டைபட்டையாக நெய்த, கம்பளி போலத் தடித்த, கழுத்தில் கயிறு கோர்த்த பழைய காலத்துச் சட்டைகள். முதுகில் வெள்ளைத் துணியில் கறுப்பு நம்பர். சித்தூரில் பழந்துணி சேர்ந்தால் எவர்சில்வர்காரியிடம் போட்டு ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்கிற ஜாதி நாம். இங்கே ஒரு மனிதர் பழந்துணியைக் காசு கொடுத்து வாங்கி, அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார். நான் பெட்டியும் கையுமாக வந்து இறங்கிய முதல் நாள் அந்த முன்னறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். வாய் பிளந்து நின்றேன் என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் நான் நின்ற காரணம் அவருக்குத் தெரியாது.

அந்தச் சட்டையை நான் சித்தூரில் போட்டிருக்கிறேன்.

சீமையில் எல்லோரும் இதையேதான் போடுவார்கள் போலிருக்கிறது என்று முதல் இரண்டு வாரம் சும்மா இருந்தேன். மூன்றாவது ஞாயிறு வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "இத்தனை பேருக்கா ஜுரம்?" அவர் துணியை நிறுத்தி, என் இங்கிலீஷில் எங்கோ ஓட்டை என்று நினைத்த முகத்தோடு, மிகப் பொறுமையாகப் பதில் சொன்னார்: "ஜுரம் இல்லை. இவர் லெஃப்ட் பேக். அவர் கோல்கீப்பர்." நான் விடவில்லை. நம்பர்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து பதினொன்று வரை இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இல்லை. ஐந்தாவது பெட்டி இருந்தது, கண்ணாடியும் இருந்தது, உள்ளே ஒரு மாட்டி மட்டும் தொங்கியது. "ஐந்தாம் நம்பர் எங்கள் ஊரில் இருக்கிறது, மிஸ்டர் வில்லிஸ்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. தேநீர் போடப் போனவர் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றும்வரை அடுப்படியிலேயே நின்றார்.

சட்டையைச் சொக்கா என்று சொல்லும் சித்தூர்க்காரர்களுக்கு அந்தச் சொக்காவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் சபைக்கு வருடத்துக்கு ஒருமுறை சீமை மூட்டை வரும். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் பெரிய நர்ஸம்மா, வெள்ளைக்காரி, தன் சொந்த ஊர்க் கோயிலுக்கு எழுதிப்போட்டு வரவழைப்பார். பிற்பாடு எனக்கு இங்கே வேலையும் மிஸ்டர் வில்லிஸ் வீட்டு மாடியறையும் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஊர் அதே ஊர், கோயிலும் அதே கோயில். மூட்டையைப் பிரித்தால் முழங்கால்வரை தொங்கும் கோட்டு, பனித்தொப்பி, ஒற்றைக் கையுறை என்று வரும். சித்திரை வெயிலில் மண்டை வெடிக்கிற ஊருக்குப் பனித்தொப்பி! ஆனாலும் யாரும் எதையும் குறை சொன்னதில்லை. தொப்பியில் முட்டை வைத்தார்கள், கோட்டைப் பிரித்துத் தலையணைக்கு உறை தைத்தார்கள். ஒரு வருடம் இந்தச் சொக்கா வந்தது. போட்டுப் பார்த்த ஆள் அரை மணியில் கழற்றி வீசிவிட்டார், அத்தனை புழுக்கம். அந்த மழைக்காலம் ஆஸ்பத்திரி லைன் வீடு ஒன்றில் ஒருவருக்குக் குளிர்ஜுரம் வந்து கட்டிலோடு தூக்கிப் போட்டபோது, மேலே போர்த்த ஒன்றும் போதாமல் யாரோ இதை மாட்டிவிட்டார்கள். நடுக்கம் அடங்கியது. அன்றிலிருந்து அது ஜுர சொக்கா.

யாருக்கும் சொந்தமில்லாத பொருளைச் சபையில் என்ன செய்வார்கள்? விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகையில், கோயில் நிதிக்காக ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், சேவல், கரும்புக்கட்டு எல்லாம் ஏலம் போனபின் கடைசியில் சொக்கா வரும். எடுத்தவர் ஒரு வருடம் வைத்துக்கொள்வார். அந்த வருடம் யார் வீட்டில் குளிர்ஜுரம் என்றாலும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், கிழிந்தால் தைக்கவேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடவேண்டும், கீழ் மடிப்பின் உள்பக்கம் தன் பேரின் முதல் எழுத்தைத் தையல் போடவேண்டும். அடுத்த அறுப்புக்குத் திருப்பிக் கொண்டுவந்து ஏலத்தில் வைத்துவிடவேண்டும். எனக்குப் பதினாலு வயதில் ஜுரம் வந்தபோது அப்பாதான், எங்கள் பேச்சில் நைனா, அதைக் கொண்டுவந்து என் தலைவழியாக இறக்கினார். கழுத்துக்கயிறு மோவாயில் உரசியது இன்றைக்கும் ஞாபகம். அதைப் போட்டதால் பிழைத்தேன் என்று சொல்லமாட்டேன், நான் நர்ஸ். பிழைக்க வைத்தது கசப்பு மாத்திரை. ஆனால் நடுங்கிக்கொண்டிருந்த மூன்று நாளும் நான் தனியாக இருப்பதாகத் தோன்றவில்லை, அதையும் சொல்லியாகவேண்டும்.

மிஸ்டர் வில்லிஸ் இரண்டு நாள் கழித்து விஷயத்தைச் சொன்னார். ஊருக்கென்று ஒரு கால்பந்து கிளப் இருந்தது. ஆலைத் தொழிலாளிகள் விளையாடிய கிளப், இப்போது மூடிவிட்டார்கள். ஒரே ஒரு வருடம், பெரிய நகரத்து அணி ஒன்றைத் தோற்கடித்தார்கள். அன்று ஐந்தாம் நம்பர் போட்டு நடுவில் நின்று தடுத்தது அவருடைய அண்ணன் டாம். அதே குளிர்காலம் நெஞ்சில் சளி கட்டி, ஜுரத்தில் டாம் போய்விட்டார். அம்மாவுக்கு அந்தத் துணிகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த வாரமே அத்தனையும் கோயில் மூட்டையில் போட்டுவிட்டாள். தம்பி வெளியூரில் வேலையாக இருந்தார். வந்து பார்த்தபோது அலமாரி காலி. அதற்கப்புறம் அவர் வீடுவீடாகப் போனார். மற்றப் பத்துப் பேரிடமும், செத்துப்போனவர்களின் மனைவிமாரிடமும், கேட்டுக் கெஞ்சி விலைக்கு வாங்கினார். பத்தும் சேர்ந்தது. ஐந்து மட்டும் கிடைக்கவில்லை. "அதை வாங்க முடியுமா?" என்று கேட்டார். ஒரு வயதான மனிதர் அப்படிக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டால் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? "எங்கள் ஊரில் அது ஏலத்துக்கு வரும். வாங்கிவிடலாம்," என்றேன். ஒரு வருடத்துக்குத்தான் வாங்கலாம் என்பதைச் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். கைப்பையில் மிஸ்டர் வில்லிஸ் கொடுத்த பண உறை இருந்தது. அறுப்புப் பண்டிகையன்று கோயில் வாசலில் பந்தல். பள்ளிக்கூட வாத்தியார்தான் வழக்கம்போல ஏலம் கூவினார். ஒற்றைக் கோழிமுட்டையை நாலு பேர் வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்து, முட்டையின் விலை கோழியைத் தாண்டிப் போனது. சீமையில் இப்படி வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் ஆளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கடைசியில் வாத்தியார் வெறும் கையைத் தூக்கிக் காட்டினார்.

"இப்ப சொக்கா! சரக்கு இங்க இல்ல, ஜுரக்காரன் மேல கீது. பேர்லதான் ஏலம்."

மூன்று வருடமாக அதை எடுத்து வைத்திருந்தவள் சலோமி அக்கா. எங்கள் லைனில் அடுத்த வீடு, ஆஸ்பத்திரித் துணிகளுக்குத் தையல் வேலை. அவள் ஒரு தொகை கேட்டாள். நான் மேலே கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். நான் ஒரேயடியாக ஏற்றியதும் பந்தல் முழுக்க ஹோவென்று சத்தம். தங்கள் சபைப் பெண் சீமையில் சம்பாதித்ததைச் சொக்காவுக்கே கொட்டுகிறாள் என்று எல்லோருக்கும் பூரிப்பு. நைனா முன்வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" முடிந்தது. சலோமி அக்கா என் பக்கம் வந்து கையைப் பிடித்தாள்.

"இன்னாமே, சீமைக்கு எடுத்துக்கினு போறியா? அங்கயும் குளிர்ஜுரம் கீதா?"

"கீதுக்கா."

"அப்ப போட்டும். அடுத்த அறுப்புக்குக் கொண்டாந்துடுவ இல்ல?"

நான் தலையை ஆட்டினேன். அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். வாயைத் திறந்து சொல்லாததால் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சொக்கா திருப்பதியில் இருந்தது. சலோமி அக்காவின் தம்பி அங்கே மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். அவனோடு வேலை செய்யும் முனிசாமிக்கு ஜுரம் என்று வந்து வாங்கிப் போயிருக்கிறான். முனிசாமி நாகலாபுரத்துக்காரன், நெற்றியில் நாமம் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டான். சபைச் சொக்கா சபைக்குள்ளேயே சுற்றுவதாக நான் நினைத்திருந்தேன். நான் இல்லாத வருடங்களில் அது கோயில் மதிலைத் தாண்டிப் போயிருந்தது. மறுநாள் காலை நானும் சலோமி அக்காவும் பஸ் ஏறினோம். சந்திரகிரி வந்தபோது அவள் பையில் ஊசிநூல் இருக்கிறதா என்று இரண்டாம் முறை பார்த்துக்கொண்டாள். நான் என் கைப்பையில் இருந்த விமான டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே அறை. நாங்கள் உள்ளே போன நேரம் முனிசாமிக்குக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றுகிற ஆள் கயிற்றுக்கட்டிலில் சுருண்டு கிடந்தான், கட்டிலின் கால்கள் தரையில் தடதடவென்று அடித்தன. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது அவன் முதுகுதான். மெரூன் பட்டை, மஞ்சள் பட்டை, நடுவில் ஐந்து. மூச்சுக்கு மூச்சு அந்த ஐந்து ஏறி இறங்கியது. சீமையில் பத்துச் சட்டைகளை வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன், எல்லாம் அசையாமல் தொங்கும். இது மூச்சு விட்டது. டாம் என்ற பேரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன் என்று நினைத்துச் சலோமி அக்காவும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னாள்.

கழற்றிக் கொடு என்று எப்படிக் கேட்பது? மூன்று நாள் அங்கேயே தங்கினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளில் பாதியை அவன் வாந்தி எடுத்திருந்தான், அதை முறைப்படி கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. கொசு பாட்டுக்குக் கடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வியர்த்துக் கொட்டியது. அவன் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "தக்கிந்தி, தக்கிந்தி!" என்று ஜுரம் இறங்கிய சந்தோஷத்தில் தெலுங்கில் கத்திக்கொண்டே கஞ்சி வைக்க ஓடினாள். முனிசாமி எழுந்து உட்கார்ந்து சொக்காவைத் தானே கழற்றினான். மடித்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"இத்த போட்டுக்கினா உள்ளாற யாரோ கெட்டியா புச்சிக்கினு கீற மாதிரியே கீதும்மா. யாருதும்மா இது?"

"இங்கிலீஷ்காரர் ஒருத்தருது. செத்துப்பூட்டார்."

"பாவம். நல்ல ஒடம்புக்காரன் போல. தோளு இன்னா அகலம் பாரு."

சலோமி அக்கா அதை அலசி நிழலில் உலர்த்தி, தெலுங்குப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். அவ்வளவு பெரிய உண்மையை அந்த அறையில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விமானத்தில் அந்தப் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், திருடிக்கொண்டு வருகிறவள் அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

மிஸ்டர் வில்லிஸ் கைகழுவிவிட்டு வந்து பொட்டலத்தைப் பிரித்தார். முதலில் நம்பரைத் தொட்டார். அப்புறம் திருப்பினார். கழுத்துப்பட்டி ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு. இடது முழங்கையில் பூப்போட்ட மெல்லிய வாயில் துணி, வலதில் காக்கி. அக்குள் இரண்டும் யாருடைய புடவையோ. ஒட்டு, ஒட்டின்மேல் ஒட்டு. பொக்கிஷம் சேர்க்கிற எவரும் இதைக் கண்டால் முகம் சுளிப்பார். அவர் ஒவ்வொரு ஒட்டாக விரலால் எண்ணிக்கொண்டே போனார். கடைசியில் கேட்டார்: "இதில் டாம் எவ்வளவு மிச்சம்?" அன்றைக்கே அதை ஐந்தாவது பெட்டியில் மாட்டி, கண்ணாடி வைத்து, நாலு மூலையிலும் திருகாணி முடுக்கினார். பதினொன்றும் நிறைந்த சுவரின் எதிரே நாற்காலி போட்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். நான் மாடிக்குப் போய்விட்டேன். அந்தச் சந்தோஷத்தை நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு வாரம் போனது. மத்தியானம் டியூட்டிக்குக் கிளம்பும்போது முதுகுத்தண்டில் ஐஸ் வைத்த மாதிரி ஒரு குளிர். பல் கிட்டியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, திருப்பதிக் கொசு தன் வேலையைக் காட்டிவிட்டது. மிஸ்டர் வில்லிஸ் டாக்டரை அழைத்து வந்தார். "இது மலேரியா, ரத்தம் எடுத்துப் பாருங்கள்," என்றேன். டாக்டர் அன்பாகச் சிரித்தார். "உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இங்கே குளிரத்தான் செய்யும். நல்ல கம்பளிச்சட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்," என்று சொல்லிவிட்டு ஜலதோஷத்துக்கு மாத்திரை எழுதினார். எனக்கு வந்த கோபத்தில் நடுக்கமே ஒரு நிமிடம் நின்றது. அவர் போனதும் மறுபடி ஏறியது. மூன்று போர்வை, மேலே என் கோட்டு, அதற்குமேல் தரைவிரிப்பு. கட்டில் தடதடத்தது. மிஸ்டர் வில்லிஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டாமுக்கு ஜுரம் கண்டபோது அவர் பக்கத்தில் இல்லாத மனிதர். நான் வாயால் எதையும் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. அவர் படியிறங்கிப் போனார். கீழே திருகாணி கழலும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

சொக்காவை என் தலைவழியாக அவரே இறக்கினார். நைனா இறக்கிய மாதிரியேதான், முதலில் கழுத்து, பிறகு ஒவ்வொரு கையாக. கயிறு மோவாயில் உரசியது. சலோமி அக்காவின் சோப்பு வாசனையும் முனிசாமி வீட்டு அடுப்புப் புகையும் அதற்குள் இன்னும் இருந்தன. அந்தப் புகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் எந்த ஊரில் நடுங்குகிறேன் என்பது தெரியாமல் போயிற்று. என் பின்னால் கட்டிலோரம் ஒருவர் உட்கார்ந்து, முதுகில் இருக்கும் ஐந்தின்மேல் கையை வைத்திருந்தார் என்பது மட்டும் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே என் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். குளிர்ஜுரம்தான். மாத்திரை வேலை செய்தது. எழுந்து உட்கார்ந்த முதல் நாள் நான் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். இது விற்பனை இல்லை, ஒரு வருடத்துப் பொறுப்பு. அடுத்த அறுப்புக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அங்கே தலையாட்டிவிட்டு வந்தேன், இங்கே மறைத்தேன். கீழ் மடிப்பைத் திருப்பிக் காட்டினேன். உள்பக்கம் வரிசையாகத் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள், ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நூல் நிறம். மிஸ்டர் வில்லிஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருக்கு ஒரு எழுத்தும் படிக்க வராது. "இத்தனை பேர் டாமைப் பார்த்துக்கொண்டார்களா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன். பிறகு அவர் சொக்காவை எடுத்துக்கொண்டு பின்புறப் பட்டறைக்குப் போனார். அன்று சாயங்காலம் பார்த்தேன். ஐந்தாவது பெட்டியில் நாலு திருகாணியும் இல்லை. அந்த இடத்தில் இரண்டு பித்தளைக் கீல், ஒரு சின்னக் கொக்கி. மற்றப் பத்தும் பெட்டி, இது மட்டும் கதவு.

அடுத்த புரட்டாசியில் அவரே பார்சல் கட்டினார். மடிப்பில் என் எழுத்துக்குப் பக்கத்தில் அவர் கேட்டபடி டாமின் எழுத்தையும் தைத்திருந்தேன், மெரூன் நூலில். கூடவே சலோமி அக்காவுக்கு என் கடிதம், உண்மை முழுக்க எழுதியது. நைனாவும் சபையும் என்ன நினைப்பார்களோ என்று பயந்துகொண்டு இருந்தேன். மார்கழியில் பதில் வந்தது. அந்த மழைக்குச் சொக்கா போட்டவர்களின் பேரையெல்லாம் அவள் வரிசையாக எழுதியிருந்தாள், ராமகுப்பத்தில் ஒருத்தி, ஆஸ்பத்திரி லைனில் இரண்டு பேர், மறுபடியும் முனிசாமி. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "ஏலத்துல உங்க தொரை பேரச் சொல்லி வாத்தியார் கூப்ட்டார். யாரும் எதுத்துக் கேக்கல. நான்கூட கேக்கல. மழை முடிஞ்சு ஜுரம் கொறஞ்சா அனுப்பறோம், அடுத்த மழைக்கு அனுப்பிடச் சொல்லு."

இப்போது வருடத்தில் பாதி நாள் ஐந்தாவது பெட்டியில் சொக்கா இருக்கிறது. மீதி நாள் மாட்டியில் சலோமி அக்காவின் கடிதம் செருகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸ்டர் வில்லிஸ் பேர்களை ஒருமுறை படிக்கச் சொல்வார், நான் படிப்பேன், அவர் "முனிசாமி" என்பதைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். இன்று இங்கே மழை. அங்கேயும் ஐப்பசி மழை பிடித்திருக்கும். சொக்கா போயிருந்த பெட்டியின் கண்ணாடிக் கதவு திறந்தே கிடந்தது, தூசு போகிறதே என்று நான் சாத்தப் போனேன்.

"சாத்தாதே," என்றார் அவர். "யாரோ போட்டிருக்கிறார்கள்."